அப்கிரேட் பாதியில நின்னுடுச்சு, புரோகிராம் தானா மூடிக்குது, ஃபார்மேட் பண்ணிடலாமா?

நீங்க கேட்டத நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் இதுதான். வீட்டு லேப்டாப்ல உபுண்டு (லினக்ஸ் ஆபரேட்டிங் சிஸ்டம்) 22.04 இருந்துச்சு, 24.04க்கு அப்கிரேட் போட்டீங்க, பாதியில சார்ஜ் தீர்ந்து மிஷின் ஆஃப் ஆயிடுச்சு, திரும்ப ஆன் பண்ணா எப்படியோ டெஸ்க்டாப் வந்துடுச்சு. ஆனா அன்னைலேர்ந்து வீடியோ எடிட் பண்ற புரோகிராம் திறந்து அஞ்சு பத்து நிமிஷத்துல ஒரு மெசேஜும் காட்டாம மூடிக்குது, புதுசா எதையாவது இன்ஸ்டால் பண்ணப் போனா "ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்" னு வந்து நிக்குது. பேசாம ஃபார்மேட் பண்ணிட்டு முதல்லேர்ந்து போட்டுடலாமானு கேட்டிருக்கீங்க.

இப்போதைக்கு பண்ணாதீங்க. உங்க கிட்ட இருக்கிறது ஒரு பிரச்சனை இல்ல, ரெண்டு. பேக்கேஜ் (புரோகிராமோட ஃபைலெல்லாம் ஒண்ணா கட்டி வர்ற மூட்டை) அரைகுறையா நிக்குறது ஒண்ணு, புரோகிராம் கிராஷ் ஆகுறது இன்னொண்ணு. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனா ரெண்டையும் ஒண்ணா போட்டுக் குழப்பினா கடைசி வரைக்கும் எது எதனால வந்துச்சுனு தெரியவே தெரியாது, ஃபார்மேட் பண்ணாலும் தெரியாது, ஒருவேளை ரேம் பழுதா இருந்தா புதுசா போட்ட சிஸ்டத்துலயும் அதே கிராஷ் வந்து நிக்கும். அதனால முதல்ல பேக்கேஜ சரி பண்ணுவோம், அப்புறம் கிராஷ் எந்த நேரத்துல ஆச்சுனு எடுத்து அப்கிரேட் லாக்கோட (என்ன நடந்துச்சுனு எழுதி வைக்கிற பதிவு) நேரத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாப்போம். நான் இத்தனை வருஷமா பாத்ததுல பாதி கேஸ் அந்த நேரத்த ஒப்பிட்டுப் பாத்த உடனேயே அவிழ்ந்துடும்.

கமாண்டெல்லாம் கீழ தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், டெர்மினல்ல அடிக்கிறப்ப ஆங்கில எழுத்துல, எல்லாம் சின்ன எழுத்தா அடிச்சுக்கோங்க.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி ஹோம் ஃபோல்டர வெளி ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துடுங்க. டெஸ்க்டாப் வருதுல்ல, இப்பவே எடுத்துடுங்க, நாளைக்கு வரும்னு உறுதி இல்ல. சார்ஜர மாட்டிட்டே வேலை பாருங்க. அப்புறம் "டிஎஃப் -ஹெச்" அடிச்சு டிஸ்க்ல இடம் இருக்கானு பாருங்க, முக்கியமா "/பூட்" தனி பார்ட்டிஷனா இருந்தா அத பாருங்க, பழைய கெர்னல் (சிஸ்டத்தோட மையப் பகுதி) நாலஞ்சு சேர்ந்து அது நிறைஞ்சு போயிருக்கும், அது நிறைஞ்சா கெர்னல் பேக்கேஜ் செட்டப் ஆகாது, அது ஆகலைனா அதுக்குப் பின்னாடி வர்றதெல்லாம் வரிசையா தொங்கும். ஜிகாபைட் கணக்குல இடம் இருந்தும் "நோ ஸ்பேஸ்" னு சொன்னா "டிஎஃப் -ஐ" அடிச்சுப் பாருங்க, ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் டிஸ்க்ல ஒண்ணுனு வேண்டிய பதிவு) தீர்ந்து போயிருக்கலாம், குட்டி குட்டி ஃபைல் லட்சக்கணக்குல சேர்ந்தா அப்படி ஆகும்.

இப்ப பேக்கேஜ். உபுண்டு சேர்ந்த டெபியன் குடும்பத்துல ஒரு பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகுறதுக்கு ரெண்டு கட்டம் இருக்கு, ஃபைல பிரிச்சு வைக்கிறது ஒண்ணு, அதுக்கப்புறம் அத செட்டப் பண்றது இன்னொண்ணு. ஆயிரக்கணக்கான பேக்கேஜ் மாறுற பெரிய அப்கிரேட்ல கொஞ்சம் பேக்கேஜ மொத்தமா பிரிச்சு வச்சுட்டு அப்புறம் மொத்தமா செட்டப் பண்ணும், அந்த நடுவுல மிஷின் ஆஃப் ஆனா பிரிச்சு வச்சதெல்லாம் அப்படியே அந்தரத்துல நிக்கும். உங்க மிஷின்ல நடந்தது அதுதான். "சூடோ டிபிகேஜி --ஆடிட்" அடிங்க (சூடோன்னா அட்மின் அனுமதியோட, டிபிகேஜின்னா பேக்கேஜ போடுற டூல்), எது எது அரைகுறையா இருக்குனு பட்டியல் கொடுக்கும். "டிபிகேஜி -எல்" போட்டாலும் தெரியும், ஒவ்வொரு வரியோட ஆரம்பத்துல ரெண்டு எழுத்து இருக்கும், "ஐஐ" னு இருந்தா நல்லா இருக்குனு அர்த்தம், "ஐயு" னா பிரிச்சாச்சு ஆனா செட்டப் ஆகல, "ஐஎஃப்" னா செட்டப் பண்ணப் போய் பாதியில நின்னுடுச்சு. "ஆர்சி" னு நிறைய இருக்கும், அது நீக்கின பேக்கேஜோட செட்டிங்ஸ் ஃபைல் மட்டும் மிச்சம் இருக்குனு சொல்றது, அதுக்கு பயப்பட வேண்டாம்.

"சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ" போடுங்க, அந்தரத்துல நிக்கிறத எல்லாம் செட்டப் பண்ணி முடிக்கும், அது முடிஞ்சதும் "சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்" (ஆப்ட்ன்னா பேக்கேஜ நெட்லேர்ந்து இறக்கிப் போடுற டூல்). இந்த ரெண்டாவது கமாண்ட் என்ன செய்யப் போறேன்னு சொல்லிட்டு "ஒய்" (சரி) இல்ல "என்" (வேண்டாம்) னு கேட்டு நிக்கும், அங்கதான் நிறைய பேர் அவசரத்துல ஒய் அடிச்சுட்டு அப்புறம் வருத்தப்படுறாங்க. "நீக்கப்படும்" ங்கற பட்டியல ஒவ்வொரு பேரா படிங்க. பழைய லைப்ரரி (பல புரோகிராம் பொதுவா எடுத்துக்கிற கோட்) ரெண்டு மூணு போகுதுன்னா போகட்டும், ஆனா "உபுண்டு-டெஸ்க்டாப்" போகுது, கூடவே க்னோம் ஷெல், நெட்வொர்க் மேனேஜர் எல்லாம் போகுதுன்னா "என்" அடிச்சு நிறுத்துங்க, ஏதோ ஒரு பேக்கேஜ் வழிய மறிச்சுக்கிட்டு இருக்கு, அது எதுனு கண்டுபிடிக்காம ஒய் அடிச்சா அடுத்த பூட்ல கறுப்பு ஸ்கிரீன்தான்.

நடுவுல "லாக் (பூட்டு) ஃைபல வேற யாரோ வச்சிருக்காங்க" னு எரர் வந்தா கொஞ்ச நேரம் காத்திருங்க, பின்னணியில ஆட்டோமேட்டிக் அப்டேட் ஓடிட்டு இருக்கும். அந்த லாக் ஃபைல டெலீட் பண்ணச் சொல்லி நிறைய பேர் சொல்லுவாங்க, தயவு செஞ்சு கேக்காதீங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேக்கேஜ் டேட்டாபேஸ்ல எழுதக் கூடாதுனுதான் அந்த லாக்கே இருக்கு, அத எடுத்துட்டு எழுதினா இப்ப இருக்கிறத விட பெரிய சிக்கல்ல மாட்டுவீங்க. எந்த புரோசஸ் பிடிச்சிருக்குனு நம்பர் அந்த எரர்லயே இருக்கும், "பிஎஸ்" போட்டு அது என்னனு பாருங்க, அது முடியட்டும்.

செட்டப் ஓடும்போது "இந்த செட்டிங்ஸ் ஃபைல நீங்க மாத்தியிருக்கீங்க, புதுசு வந்திருக்கு, எது வேணும்" னு கேள்வி வரும். நீங்களே கையால மாத்தின ஃபைல்னு ஞாபகம் இருந்தா உங்களோடத வச்சுக்கோங்க, புதுசு "டிபிகேஜி-டிஸ்ட்" ங்கற வால் ஒட்டி பக்கத்துலயே கிடக்கும், அப்புறம் ஒப்பிட்டுக்கலாம். மாத்தினதா ஞாபகமே இல்லைனா டி அடிச்சு வித்தியாசத்த பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

"ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்" க்கு வருவோம், இதுதான் உங்க கேஸோட முடிச்சுனு எனக்கு சந்தேகம். 22.04ல இருக்கும்போது புது வெர்ஷன் வேணும்னு எங்கேயாவது பிபிஏ (மத்தவங்க நடத்துற வெளி ரெப்போ, அதாவது பேக்கேஜ் கிடங்கு) சேத்தீங்களானு யோசிச்சுப் பாருங்க, வீடியோ எடிட் பண்றவங்க கிட்ட கண்டிப்பா ஒண்ணு ரெண்டு இருக்கும். வெர்ஷன் அப்கிரேட் பண்றப்ப உபுண்டு அந்த வெளி ரெப்போ எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடும், ஆனா அதுலேர்ந்து வந்த பேக்கேஜ் சிஸ்டத்துலயே உக்காந்திருக்கும். அதோட வெர்ஷன் நம்பர் சில சமயம் 24.04ல இருக்கிறத விட பெருசா இருக்கும், ஆப்ட் பெரிய நம்பர விட்டுட்டு சின்ன நம்பருக்கு தானா இறங்காது, அதனால பழைய லைப்ரரி மேல கட்டின பேக்கேஜ் ஒண்ணு நடுவுல குத்துக்கல்லு மாதிரி உக்காந்துக்கிட்டு மத்தது எதையும் நகர விடாது.

எப்படிக் கண்டுபிடிக்கிறது? "ஆப்ட் லிஸ்ட் '?ஆப்சலீட்'" அடிங்க, அந்த கேள்விக்குறியோட சேத்து ஒத்த மேற்கோளுக்குள்ள அடிக்கணும், இப்ப இருக்கிற எந்த ரெப்போலயும் இல்லாத பேக்கேஜ் எல்லாம் வரிசையா வந்துடும். சந்தேகப்படுற ஒவ்வொண்ணுக்கும் "ஆப்ட் பாலிசி" போட்டு பேர் குடுங்க. அதுல இன்ஸ்டால் ஆகியிருக்கிற வெர்ஷனுக்குக் கீழ எங்கேர்ந்து வந்துச்சுனு காட்டும், அங்க இணைய முகவரி எதுவும் இல்லாம "/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்" மட்டும் இருந்தா, இந்த வெர்ஷன் உங்க மிஷினத் தவிர வேற எங்கேயும் இல்ல, அநாதையா நிக்குதுனு அர்த்தம். அதுக்குக் கீழயே 24.04 ரெப்போல என்ன வெர்ஷன் இருக்குனும் காட்டும், அத எடுத்து "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பேக்கேஜ்பேர்=வெர்ஷன்" னு குடுத்தா கீழ இறக்கிடும். ஒரே பிபிஏலேர்ந்து வந்த லைப்ரரி பத்து இருந்தா பத்தையும் ஒரே கமாண்ட்ல குடுங்க, ஒண்ணொண்ணா இறக்கினா ஒண்ணு இன்னொண்ண விடாது. "பிபிஏ-பர்ஜ்" னு ஒரு டூல் இருக்கு, அது இந்த வேலைய மொத்தமா செய்யும், ஆனா அந்த பிபிஏ இன்னும் உயிரோட இருந்தாத்தான் ஒழுங்கா வேலை செய்யும், அதனால கையால பண்ணத் தெரிஞ்சு வச்சுக்கிறது நல்லது. "ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்" னும் ஒரு தடவை அடிச்சுப் பாருங்க, எப்பவோ நீங்களே ஏதாவது ஒண்ண ஹோல்ட் பண்ணி (வெர்ஷன் மாறாம நிறுத்தி) வச்சுட்டு மறந்திருக்கலாம்.

24.04க்கே உரிய ஒரு விஷயம் இங்க சொல்லணும். 2038 ஜனவரி 19ம் தேதி 32 பிட்ல நேரத்த எண்ணுற சிஸ்டத்துல எல்லாம் கணக்கு நிரம்பி வழிஞ்சுடும், அதுக்குத் தயாராகுறதுக்காக டெபியன்லயும் உபுண்டுலயும் 2024ல நூத்துக்கணக்கான லைப்ரரிய புதுசா கட்டி பேர் கடைசியில "டி64" ஒட்டினாங்க. அதனால பழைய குறிப்ப பாத்து "லிப்அசவுண்ட்2" இன்ஸ்டால் பண்ணப் போனா கிடைக்கலனு வரும், "லிப்அசவுண்ட்2டி64" னு கேக்கணும். பேர் மாறினது தெரியாம பழைய டெப் ஃபைல (பேக்கேஜ் ஃபைல) எங்கேயாவது தேடி எடுத்து அமுக்கி இன்ஸ்டால் பண்ணிடாதீங்க, பழைய பேரும் புது பேரும் ஒரே ஃபைலுக்கு சண்டை போடும்.

இவ்வளவும் முடிஞ்சு "சூடோ ஆப்ட் அப்டேட்", "சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்" ரெண்டும் எரர் இல்லாம ஓடுச்சுன்னா இன்னும் ஒரே ஒரு சோதனை பாக்கி. கரண்ட் போன மாதிரி திடீர்னு ஆஃப் ஆனா சில ஃபைல் பேர் மட்டும் இருந்து உள்ள காலியா இருக்கும், டிபிகேஜி அத இன்ஸ்டால் ஆயிடுச்சுனே நினைச்சுக்கிட்டு இருக்கும். "சூடோ டிபிகேஜி -வி", அந்த வி மட்டும் சின்ன எழுத்து இல்ல, பெரிய எழுத்து. அது ஒவ்வொரு ஃபைலோட செக்சம்மையும் (உள்ள இருக்கிறத வச்சுக் கணக்குப் போட்ட அடையாள எண்) பேக்கேஜ் சொன்னதோட ஒப்பிட்டு மாறினத மட்டும் காட்டும், வரியில 5 னு ஒரு எண் தெரியும். பக்கத்துல "சி" னு இருந்தா அது செட்டிங்ஸ் ஃபைல், நீங்க மாத்தியிருப்பீங்க, விடுங்க. "சி" இல்லாம ஒரு லைப்ரரி ஃபைல் வந்துச்சுன்னா அது கெட்டுப் போயிருக்கு. "டிபிகேஜி -எஸ்" போட்டு ஃபைலோட முழு பாதைய குடுத்தா (இந்த எஸ்ஸும் பெரிய எழுத்து) எந்த பேக்கேஜ்னு சொல்லும், "சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால்" போட்டு அத மட்டும் திரும்ப இறக்குங்க. உங்க மாதிரி பாதியில ஆஃப் ஆன மிஷின்ல இந்த ஒரு படி பல கிராஷ நிறுத்திடும்.

ரீபூட் பண்ணுங்க. இத லேசா சொல்றேன்னு விட்டுடாதீங்க. ஓடிட்டு இருக்கிற புரோகிராம் ஏற்கனவே திறந்து வச்ச லைப்ரரியோட பழைய காப்பியத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கும், டிஸ்க்ல அந்த பேர்ல புதுசு வந்துட்டாலும் பழசு மெமரியில உயிரோட இருக்கும். அதுவரைக்கும் பிரச்சனை இல்ல. பத்து நிமிஷம் கழிச்சு அந்த புரோகிராம் ஒரு ப்ளகின திறக்கப் போகும், அது புது வெர்ஷன், கையில இருக்கிறது பழைய வெர்ஷன், ரெண்டும் ஒட்டாது, விழுந்துடும். அப்கிரேட் ஆன அன்னைக்கு மட்டும் வர்ற பல கிராஷ் இதுதான், ரீபூட் பண்ணா போயிடும். என்விடியா கார்டு இருந்தா இன்னும் வெளிப்படையா "டிரைவர் லைப்ரரி வெர்ஷன் மிஸ்மேட்ச்" னே எரர் வரும், கெர்னல்ல பழைய டிரைவர், டிஸ்க்ல புது லைப்ரரி.

ரீபூட்டுக்கு அப்புறமும் எடிட்டர் விழுதுன்னா இப்ப அது நிஜமான கிராஷ், இனிமே பாக்கிறதுல அர்த்தம் இருக்கு. மெனுலேர்ந்து திறக்காம டெர்மினல்ல பேர் அடிச்சுத் திறங்க, விழுந்த உடனே வேற எதையும் அடிக்காம "எக்கோ $?" னு அடிங்க, ஒரு நம்பர் வரும். சிக்னல்ல (புரோகிராம நிறுத்தச் சொல்லி சிஸ்டம் அனுப்புறது) செத்துச்சுன்னா அந்த நம்பர் 128ஓட சிக்னல் நம்பர கூட்டினது. 139 வந்தா 11, செக்மென்டேஷன் ஃபால்ட், தனக்கு இல்லாத மெமரிய தொட்டிருக்கு. 134 வந்தா 6, புரோகிராமே ஏதோ தப்புனு தெரிஞ்சு தன்ன நிறுத்திக்கிச்சு, அப்படின்னா காரணத்த அதுக்கு முன்னாடி வரியில அதுவே சொல்லியிருக்கும், மேல போய் படிங்க. 132 வந்தா 4, உங்க பிராசசருக்குத் தெரியாத கட்டளை, பழைய மிஷின்ல புது பிராசசருக்குனு கட்டின புரோகிராம் ஓடினா வரும். 137 வந்தா 9, அது கிராஷே இல்ல, வெளியிலேர்ந்து யாரோ நிறுத்தியிருக்காங்க, பெரும்பாலும் மெமரி தீர்ந்து கெர்னல் நிறுத்தியிருக்கும்.

வீடியோ வேலைங்கறதால அந்த 137 வரதுக்கு நிறைய வாய்ப்பு இருக்கு. "ஒரு வார்த்தையும் சொல்லாம மூடிக்குது" னு எழுதியிருக்கீங்கள்ல, அது அப்படியே இதோட அடையாளம், ஏன்னா சிக்னல் 9 வந்தா புரோகிராமுக்கு கடைசியா ஒரு எரர் எழுதக்கூட நேரம் கிடைக்காது. "ஜர்னல்சிடிஎல் -கே" (கெர்னல் லாக் காட்டும்) போட்டு "அவுட் ஆஃப் மெமரி" ங்கற வரி இருக்கானு தேடுங்க. அதுல இல்லைனா முழு ஜர்னல்ல (சிஸ்டத்தோட மொத்த லாக்ல) "சிஸ்டம்டி-ஊம்டி" ங்கற பேர தேடுங்க, 22.04லேர்ந்து உபுண்டு டெஸ்க்டாப்ல அதுவும் ஓடுது, ரேமும் ஸ்வாப்பும் (ரேம் போதாதப்ப டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) நெருக்கடியாகும்போது கெர்னல் தலையிடுறதுக்கு முன்னாடியே அது ஒரு புரோகிராம நிறுத்திடும். அந்த வரி கிடைச்சுதுன்னா அப்கிரேட்ட குத்தம் சொல்றத விட்டுடுங்க, ஸ்வாப்ப கூட்டுங்க, இல்ல எடிட்டர்ல பிரிவியூ ரெசல்யூஷன குறைங்க, பிரவுசர்ல திறந்து கிடக்கிற டேப மூடுங்க.

139னா கெர்னல் லாக்ல ஒரு வரி விழுந்திருக்கும், பாக்க பயமா இருக்கும் ஆனா விஷயம் இருக்கு. புரோகிராம் பேர், அப்புறம் "செக்ஃபால்ட் அட்" னு ஒரு முகவரி, அப்புறம் "எரர்" னு ஒரு எண், கடைசியில "இன்" னு ஒரு லைப்ரரி பேர். முகவரி 0 இல்ல 0க்கு ரொம்ப பக்கத்துல இருந்தா இல்லாத ஒண்ண இருக்குனு நினைச்சுத் தொட்டிருக்கு. எரர் 4னா படிக்கப் போய் விழுந்துச்சு, 6னா எழுதப் போய் விழுந்துச்சு. கடைசியில இருக்கிற லைப்ரரி பேர்தான் நமக்கு நூல் முனை. அது விழுந்த இடம்தானே தவிர தப்பு பண்ணது அதுதான்னு இல்ல, ஆனா அங்கேர்ந்து பிடிச்சு போகலாம். அந்த லைப்ரரி எந்த பேக்கேஜ்னு மேல சொன்ன மாதிரியே எடுங்க. "/வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்" ஃபைல திறந்து அந்த பேக்கேஜ் எப்ப மாறுச்சு, எந்த வெர்ஷன்லேர்ந்து எதுக்குனு பாருங்க, ஒவ்வொரு தடவைக்கும் ஆரம்ப நேரமும் முடிஞ்ச நேரமும் அதுல எழுதியிருக்கும், முடிஞ்ச நேரம் இல்லைனா அது பாதியில நின்னது. வெர்ஷன் அப்கிரேட்டுக்குனு தனியா "/வார்/லாக்/டிஸ்ட்-அப்கிரேட்" னு ஒரு ஃபோல்டரும் இருக்கு. இப்ப ஜர்னல்ல முதல் கிராஷ் எந்த தேதி எந்த நேரம்னு எடுத்து பக்கத்துல வைங்க. அப்கிரேட்டுக்கு முன்னாடியே ஒரு தடவை விழுந்திருக்குனு தெரிஞ்சா மொத்த கதையும் மாறிடும். ஞாபகத்த நம்பாதீங்க, லாக்க நம்புங்க, "அப்கிரேட்டுக்கு அப்புறம்தான்" னு அடிச்சு சொன்னவங்க மிஷின்லயே மூணு வாரம் முன்னாடி தேதியில செக்ஃபால்ட் வரிய நான் பாத்திருக்கேன்.

என் மிஷின்லயே ஒரு தடவை அப்கிரேட் முடிஞ்ச மறுநாள்லேர்ந்து ஒவ்வொண்ணா விழ ஆரம்பிச்சுது. ரெண்டு வாரம் அப்கிரேட்டையே குத்தம் சொல்லி ரெண்டு தடவை முழுசா திரும்ப இன்ஸ்டால் பண்ணேன், நிக்கல. அப்புறம்தான் ஒரு பேப்பர்ல ஒவ்வொரு கிராஷுக்கும் அந்த கடைசி லைப்ரரி பேர எழுதிப் பாத்தேன். ஏழு தடவை விழுந்ததுல ஆறு வேற வேற லைப்ரரி. புரோகிராம்ல தப்பு இருந்தா அது பெரும்பாலும் ஒரே இடத்துல, ஒரே வேலைய செய்யும்போது விழும், இப்படி இடம் மாறி மாறி விழுறது குறைவு. அன்னைக்கு ராத்திரி மெம்டெஸ்ட்86+ (ரேம சோதிக்கிற டூல்) போட்டு விட்டேன், முதல் சுத்து முடியறதுக்குள்ள சிவப்பு வரி வந்துடுச்சு, ரெண்டு ரேம்ல ஒண்ண கழட்டினதும் கிராஷ் அன்னைக்கே நின்னுடுச்சு. எந்த புரோகிராம் ரேம்ல எந்த மூலையில உக்காரும்ங்கறது மாறிக்கிட்டே இருக்கும், அதனாலதான் பழுதான மூலை சில சமயம் வாரக்கணக்குல வெளிய தெரியாமலே இருக்குது. நீங்களும் அந்த பேப்பர எழுதுங்க, மூணு நாலு கிராஷ் போதும். எல்லாம் ஒரே லைப்ரரின்னா சாஃப்ட்வேர், தாறுமாறா இருந்தா ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட விடுங்க, கூடவே "சூடோ ஸ்மார்ட்சிடிஎல் -ஏ" போட்டு டிஸ்க்கோட பேரையும் குடுத்து அதையும் பாருங்க. சுத்துற ஹார்ட் டிஸ்க்னா அதுல பெண்டிங் செக்டார், ரீஅலொகேட்டட் செக்டார் கணக்கு 0 இல்லாம ஏறிக்கிட்டே போனா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு டேட்டாவ காப்பாத்துங்க.

ஒரே இடத்துலதான் விழுதுன்னா அடுத்து ரெண்டு சின்ன சோதனை, ரெண்டும் பத்து நிமிஷ வேலை. புதுசா ஒரு யூசர் அக்கவுண்ட் போட்டு அதுல உள்ள போய் எடிட்டர திறங்க. அங்க விழலைனா சிஸ்டம் நல்லா இருக்கு, உங்க ஹோம்ல இருக்கிற பழைய செட்டிங்ஸ்தான் புது வெர்ஷனுக்கு ஒத்து வரல, ".கான்ஃபிக்", ".கேஷ்", ".லோக்கல்/ஷேர்" ஃபோல்டர்ல அந்த புரோகிராம் பேர்ல இருக்கிறத பேர் மாத்தி வைங்க, டெலீட் பண்ணாதீங்க, அதுல உங்க பிரீசெட் எல்லாம் இருக்கும். புது யூசர்லயும் விழுதுன்னா அதே புரோகிராமோட ஃபிளாட்பேக் வெர்ஷன போட்டு ஓட்டிப் பாருங்க. ஃபிளாட்பேக் தனக்கு வேண்டிய லைப்ரரிய தன்னோடவே கொண்டு வரும், அதனால அது ஓடி இது விழுந்தா உங்க சிஸ்டத்தோட லைப்ரரியில ஏதோ ஒண்ணு சரியில்ல, ரெண்டும் விழுந்தா கிராஃபிக்ஸ் டிரைவர், கெர்னல், ரேம், இல்ல நீங்க திறக்கிற அந்த வீடியோ ஃபைலே கெட்டுப் போயிருக்கு, வேற ஃபைல திறந்து பாருங்க. கெர்னல் மேல சந்தேகம் வந்தா பூட் ஆகும்போது க்ரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல போய் முந்தின கெர்னல தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாக்கலாம், அதுக்காகத்தான் பழசு ஒண்ண விட்டு வைக்கிறாங்க.

சிஸ்டம் லைப்ரரிதான்னு தெரிஞ்சா "எல்டிடி" க்கு அந்த புரோகிராமோட முழு பாதைய குடுத்து அது எந்த எந்த லைப்ரரிய எங்கேர்ந்து எடுக்குதுனு பாருங்க. "நாட் ஃபவுண்ட்" இருந்தா அதுவே காரணம். அது இல்லைனா "/யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்" னு ஆரம்பிக்கிற வரி இருக்கானு தேடுங்க. எப்பவோ எஃப்எஃப்எம்பெக்க (வீடியோவ மாத்துற டூல்) நீங்களே கம்பைல் பண்ணி போட்டிருந்தா அந்த லைப்ரரி அங்க கிடக்கும், ஆப்டுக்கு அத பத்தி ஒண்ணுமே தெரியாது, அப்கிரேட் அத தொடாது, ஆனா சிஸ்டம் தன்னோடத விட்டுட்டு முதல்ல அதத்தான் எடுத்துக்கும். அந்த பழச வேற இடத்துக்கு நகத்திட்டு "சூடோ எல்டிகான்ஃபிக்" ஓட்டினா தீர்ந்துச்சு. இதே குடும்பத்துல வர்ற இன்னொண்ணு சூடோ போட்டு பிப் (பைதான் பேக்கேஜ் போடுற டூல்) இன்ஸ்டால் பண்றது, சிஸ்டத்தோட பைதான் லைப்ரரிய மறைச்சுடும், அதனாலதான் இப்பெல்லாம் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" னு சொல்லி மறுக்குது, அந்த தடைய உடைக்கிற ஆப்ஷன் போடாம வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்த தொடாத தனி பைதான் இடம்) வச்சுக்கோங்க.

இதுக்கும் மேல போகணும்னா ஜிடிபி (புரோகிராம் எங்க விழுந்துச்சுனு உள்ள போய் பாக்கிற டூல்). உபுண்டு கிராஷ் ரிப்போர்ட்ட "/வார்/கிராஷ்" ல வைக்கும், "சிஸ்டம்டி-கோர்டம்ப்" பேக்கேஜ் போட்டீங்கன்னா "கோர்டம்ப்சிடிஎல் லிஸ்ட்" ல வரிசையா பாக்கலாம், "கோர்டம்ப்சிடிஎல் ஜிடிபி" போட்டா கடைசி கிராஷ அப்படியே திறந்து குடுக்கும். டீபக்இன்ஃபோடி ஆன் பண்ணவானு கேக்கும், ஒய் சொல்லுங்க, ஃபங்ஷன் பேரெல்லாம் நெட்லேர்ந்து இறக்கிக்கும், இல்லைனா வெறும் கேள்விக்குறியா நிக்கும். "பிடி" அடிச்சா எந்த ஃபங்ஷன் எத கூப்பிட்டு கடைசியில எங்க விழுந்துச்சுனு வரும். அந்த டெக்ஸ்ட மட்டும் எடுத்து அந்த புரோகிராம் எழுதுறவங்களோட பக் ட்ராக்கர்ல போடுங்க, கோர் ஃபைல யாருக்கும் அனுப்பாதீங்க, விழுந்த நிமிஷத்துல புரோகிராம் மெமரியில இருந்த எல்லாம், பாஸ்வேர்டு உட்பட, அதுல இருக்கலாம்.

ஃபார்மேட் பண்றது எப்ப சரின்னா, "/வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ்" ஃபைலே கெட்டுப் போய் என்ன இன்ஸ்டால் ஆகியிருக்குனு சிஸ்டத்துக்கே தெரியாத நிலை வந்தா. அப்பவும் முதல்ல "/வார்/பேக்கப்ஸ்" ஃபோல்டர பாருங்க, அந்த ஃபைலோட பழைய காப்பி அங்க இருக்கும், அத எடுத்து வச்சு மீட்ட மிஷின் இருக்கு. டிஸ்க் சாகுதுன்னா டிஸ்க்க மாத்தணும், ஃபார்மேட் உதவாது.

இன்னைக்கு ராத்திரி காப்பி எடுத்துட்டு "டிபிகேஜி --ஆடிட்" ல என்ன வருது, "?ஆப்சலீட்" பட்டியல்ல என்ன இருக்கு, விழுந்த உடனே வந்த அந்த நம்பர் என்ன, இந்த மூணையும் எழுதி அனுப்புங்க, முக்கியமா அந்த நம்பர். ஃபிக்ஸ்-புரோக்கன் எதையாவது நீக்கணும்னு சொன்னா ஒய் அடிக்காம அந்த பட்டியலையும் அப்படியே அனுப்புங்க, படிச்சுட்டு எது வழிய மறிக்குதுனு சொல்றேன்.